வெட்டிய ஓரத்தில் விஷம்

அத்தியாயம் 9

ஹார்மனுக்குப் பயப்படுவதில் நீண்ட அனுபவம் உண்டு. வாத்து, பல் டாக்டர், தூக்குப் பாலம், மாமியார் என்று படிப்படியாக முன்னுக்கு வந்தவன். ஆனால் ஒரு பானை பட்டாணி சூப்பைப் பார்த்து முதுகு சில்லிட்டது அன்றுதான்.

நல்ல சூப்பென்றால் நட்ட கரண்டி நிற்க வேண்டும். நின்றது. எதிரே மேசையைப் பிடித்துக்கொண்டிருந்த ஹிஸ்கா அம்மாள்தான் நிற்க முடியாமல் தள்ளாடினார்.

"உக்காருங்கம்மா," என்றாள் அலைடா. ஹார்லிங்கன் ஊரின் ஒரே துப்பறியும் பெண். ஹார்மனுக்கு முதலாளி. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். அந்த மிச்சத்தையெல்லாம் ஹார்மன்தான் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில வெச்சிட்டுப் போனான். என் கொழுந்தன் ரிங்க். வாரத்துக்கு ரெண்டு பானை. ரொம்பப் பாசக்காரன்." கடைசிச் சொல்லை மீன்முள்ளை எடுப்பதுபோல் வாயிலிருந்து எடுத்து வைத்தார் அம்மாள். "சனிக்கிழமையில இருந்து நான் தொடல. தொடாததுல இருந்து கால்ல கொஞ்சம் உயிர் வந்திருக்கு. அதுக்கு முன்னாடி மாடிப்படி ஏற முடியல. நெஞ்சு நின்னு நின்னு அடிச்சது."

ஹார்மன் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனான்.

"வெறும் வாசனைதான் தம்பி," என்றார் அம்மாள். " மோந்து பாத்தா ஒண்ணும் ஆகாது."

"இல்லம்மா, எனக்கு ஜலதோஷம். நாலஞ்சு வருஷமாவே."

அம்மாள் சிரிக்கவில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து, குழாயில் தானே பிடித்த தண்ணீரில் விழுங்கினார். "இதய மாத்திரை. புத்தாண்டுக்கு அப்புறம் டாக்டர் மாத்திக் குடுத்தது. இதை மட்டும் பயமில்லாம முழுங்கறேன். நானே போய் வாங்கறதாச்சே!"

சுவர் முழுக்க மரத்தட்டுகள். ஒன்றிலும் புத்தகம் இல்லை. இருந்த இடங்கள் மட்டும் வெளிறிப்போய், பல் பிடுங்கிய ஈறுபோலத் தெரிந்தன. அம்மாளின் கணவர் டாக்டர் ஃபோல்கெர்ட் விஷ மருத்துவர். வடக்கு மாகாணங்களில் யார் எதைக் குடித்துவிட்டு வந்தாலும் மருத்துவமனைகள் அவரைத்தான் கூப்பிடும். மூவாயிரம் புத்தகம், அத்தனையும் விஷம். கடைசிக் காலத்தில் அவற்றைத் தாள் தாளாகக் கணினியில் ஏற்றி, தன் ஓரக்குறிப்புகளோடு இளம் டாக்டர்களுக்கு விட்டுப்போக ஆசைப்பட்டார். பாதியில், போன இலையுதிர் காலத்தில், அவரே போய்விட்டார். மிச்சத்தைத் தம்பி ரிங்க் தன் கொட்டகையில் வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்றிய புத்தகம் அன்றே அம்மாளின் கைக்கணினிக்கும் வந்துவிடும்.

"நாப்பத்தி ஒரு வருஷம் குடித்தனம்," என்று சொல்லி அதைத் திருப்பிக் காட்டினார் அம்மாள். "பாருங்க. அவர் கையெழுத்துதான்."

பக்கத்தின் அடியில் சிவப்புப் பென்சிலில் எறும்பெழுத்து:

'...ஹிஸ்காவுக்கு இது போதும். இருபது நாளில் போய்விடும். வலி இருக்காது.'

அம்மாள் இன்னொரு புத்தகத்தைத் திறந்தார்.

'...ஹிஸ்காவுக்குத் தெரியாமல் சூப்பில் கலக்கிறேன். இரண்டு வருஷமாக. கண்டுபிடிக்கவில்லை.'

"போலீஸ்ல சொல்லலாமேம்மா?"

"என்னன்னு? செத்துப்போன புருஷன் எனக்கு விஷம் வெக்கிறார்னா? கிழவிக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு முதியோர் இல்லத்துல படுக்கை போட்டுடுவாங்க." அவர் குரல் உடைந்தது. "விஷம் வெச்சா வெச்சுட்டுப் போகட்டும்மா. எனக்கும் வயசாச்சு. ஆனா அவரா? ராத்திரி கால் வலிச்சா எழுந்து பிடிச்சு விட்ட மனுஷனா? அது தெரியாம நான் சாகமாட்டேன். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

டிங்!

மூவரும் துள்ளினார்கள். ஹார்மன் மற்ற இருவரையும்விடக் கொஞ்சம் உயரமாகவே.

கைக்கணினியில் புதிய புத்தகம் வந்திருந்தது. அம்மாள் தொடவில்லை. அலைடாதான் பக்கங்களைத் தள்ளினாள். நடுவில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

'...என்னால் முடியாமல் போனால் ரிங்க் முடித்துவிடுவான்.'

அப்போது சன்னலில் நிழல் விழுந்தது.

திரை கிடையாது. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. திரையை இழுத்துவிட்டால் உள்ளே ஏதோ தப்பு நடக்கிறது என்று தெருவே நின்று யோசிக்கும். கண்ணாடிக்கு வெளியே, கடல் காற்றில் மேலங்கி படபடக்க, கதவளவு அகலமான ஒரு ஆள் நின்று மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். தொடாத சூப்பை. பிறகு ஹார்மனை. கையைத் தூக்கி, மெதுவாக ஆட்டினான்.

ஹார்மனும் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கையாட்டிவிட்டான்.

"அவன்தான்," என்றார் அம்மாள், உதடு அசையாமல்.

நிழல் நகர்ந்து கொட்டகைப் பக்கம் போனது. அலைடா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அலமாரியில் இருந்த ஜாம் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த பாட்டில்ல எல்லாம் தேதி யாரு எழுதினது?"

"அவர்தான். தேதி போடாம ஒரு எழுத்து எழுதமாட்டார். கடைக்குப் போற சீட்டுலகூட முதல்ல தேதி, அப்புறம்தான் முட்டைக்கோஸ்."

"புத்தக ஓரத்துல?"

"அங்கயும்தான். ஆனா வெளி ஓரத்துல எழுதமாட்டார். பக்கம் புரட்டற விரல் அங்கதான் படும், என் விரல்ல என்ன ஒட்டியிருக்குன்னு எனக்கே தெரியாதுன்னு சொல்வார். விஷக்காரங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நடு மடிப்புல ஆரம்பிச்சு, பொடிப்பொடியா கீழ இறங்கி, இடம் தீர்ந்தா பக்கத்தோட அடிக்கு வருவார்."

அலைடா எழுந்தாள். "ஹார்மன், கோட்டைப் போடு. கொட்டகைக்குப் போறோம்."

"ரெண்டு பேருமா?"

"நீ அந்த ஆள்கிட்ட பேசிக்கிட்டே இருக்கணும். நான் தேடணும்."

"என்ன பேசறது?"

"இருபத்திநாலு மணி நேரமும் அதைத்தானே பண்றே."

கொட்டகைக்குத் தோட்டத்தைத் தாண்டிப் போக வேண்டும். சின்னத் தோட்டம்தான். ஹார்மனுக்கு அது பக்கத்து நாடுவரை நீண்டதுபோல் இருந்தது. உள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கிரீச்... தடக்! கொஞ்சம் அமைதி. கிரீச்... தடக்!

"பாஸ், எனக்குச் சம்பளம் அடுத்த வாரம்தானே? அதுவரைக்குமாவது..."

அவள் கதவைத் தள்ளினாள்.

மூடிப்போன அச்சகத்திலிருந்து வாங்கிய வெட்டு இயந்திரம் நடுவில் நின்றது. கை நீளக் கத்தி, அதைவிட நீளமான பிடி. ரிங்க் தடிமனான ஒரு புத்தகத்தை அதன் வாயில் வைத்து, பிடியை இழுத்தான். தடக்! முதுகு தனியாக விழுந்தது. உடல் தாள் தாளாகச் சரிந்தது. அந்த ஓசையில் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான் ஹார்மன். இருந்தது.

"கையை எடுங்க," என்றான் ரிங்க்.

இயந்திரத்தின்மேல் சாய்ந்திருந்ததே அப்போதுதான் ஹார்மனுக்குத் தெரிந்தது. எடுத்த வேகத்தில் தோளே வந்துவிட்டிருக்கும்.

"இதுக்குக் காகிதமா மனுஷனான்னு தெரியாது," என்றான் ரிங்க். "அண்ணி ஏன் சாப்பிடல?"

"பசி... இல்லையாம்."

"சாப்பிடணும்." அடுத்த புத்தகத்தை எடுத்தான். "நான் பாத்துக்கறேன்னு அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

கிரீச்... தடக்! பார்த்துக்கொள்வதில் எத்தனையோ வகை உண்டென்று ஹார்மனுக்குத் தோன்றியது. வெட்டிய முதுகை ரிங்க் குனிந்து எடுத்து, மூலையில் எரிந்த இரும்பு அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே வீசினான். பசை வெடித்துப் பச்சையாக எரிந்தது.

சாட்சியத்தை எரிக்கிறான்! ஹார்மன் வாய் தானாகவே ஓடத் தொடங்கியது. "அட, இதை ஏன் எரிக்கறீங்க? ஊர் பேண்டு வாத்தியக்காரங்க நிதி சேக்க மாசாமாசம் வண்டியில வந்து பழைய காகிதம் எடுப்பாங்களே? என் சித்தப்பாகூட அதுல கொம்பு ஊதறார். அதாவது காகித வண்டியில இல்ல, பேண்டுல. ரொம்ப மோசமா ஊதுவார். காகிதம் அள்றதுலதான் கெட்டி..."

"பசை ஒட்டின முதுகை அவங்க எடுக்கமாட்டாங்க. சட்டம்." அடுப்புக் கதவைச் சாத்தினான் ரிங்க். "அந்தம்மா அங்க என்ன பண்றாங்க?"

அலைடா சுவரோரம் இருந்த சாக்கு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தாள். ரிங்க் நிமிர்ந்தான். கொட்டகையின் வெளிச்சத்தில் பாதி அவனுக்குப் பின்னால் போய்விட்டது. ஹார்மன் இருவருக்கும் நடுவே போய் நின்றான். தைரியத்தில் அல்ல, கதவு அந்தப் பக்கம் இருந்தது.

"ரிங்க் சார்," என்றாள் அலைடா அமைதியாக, "உங்க அண்ணனும் இப்படித்தான் வெட்டினாரா?"

"இல்ல. அண்ணன் முதுகுக்கு ஆவி காட்டி ஒவ்வொரு தாளாப் பிரிப்பார். ஒரு புத்தகத்துக்கு ஒரு வாரம். அந்த வேகத்துல போனா எனக்கே நூறு வயசாயிடும். அதான் வெட்டறேன்."

"வெட்டறதுக்கு முன்னாடி உள்ள படிச்சுப் பாப்பீங்களா?"

அந்தப் பெரிய கை மேலங்கியில் தன்னைத்தானே துடைத்துக்கொண்டது.

"அவர் கையெழுத்தைப் பாத்தா அப்புறம் எனக்கு வேலை ஓடறதில்ல," என்றான். "அதனால பாக்கறதில்ல."

அலைடா மூட்டையிலிருந்து மூன்று முதுகுகளை எடுத்தாள். "வாங்க. இதை அண்ணி முன்னாடி வெச்சுப் பேசுவோம்."

ரிங்க் உள்ளே வந்ததும் அம்மாள் எழுந்து சுவரோடு சாய்ந்துகொண்டார். அலைடா மேசையில் மூன்று முதுகுகளையும் வைத்தாள். ஒவ்வொன்றும் விரலகலத்துக்கு ஒரு ஒல்லிப் புத்தகம்: வெளியே பெயர், உள்ளே அத்தனை பக்கத்தின் மடிப்போரமும் பசையில் ஒட்டியபடி அப்படியே.

"தேதி போடாம எழுத்தே எழுதாத மனுஷர். இந்தக் குறிப்பு எதுலயும் தேதி இல்ல. எல்லாமே வாக்கியத்தோட நடுவுல ஆரம்பிக்குது. அப்போ தலை எங்க போச்சு? மடிப்புல எழுதினார்னு நீங்களே சொன்னீங்க. கத்தி மடிப்பைத்தான் தின்னுது."

ஒரு முதுகை விரித்து, உரிய பக்கத்தைப் பிடித்து, கைக்கணினியின் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள். காகிதத்தில் இருந்த சிவப்பு எறும்புகள் கண்ணாடியில் இருந்தவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டன. ஹார்மன் உரக்கப் படித்தான்.

"'ஜூன் 4. கால் கட்டைவிரல் மரு. பலமான களிம்பு வேண்டாம். ஹிஸ்காவுக்கு இது போதும். இருபது நாளில் போய்விடும். வலி இருக்காது.'"

அம்மாள் குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"போச்சாம்மா?" என்று கேட்டான் ஹார்மன்.

"...போயிடுச்சு," என்றார் அம்மாள், எழுபது வயதுக் கன்னம் சிவக்க.

இரண்டாவதை அலைடாவே படித்தாள். "'செப்டம்பர் 19. மூவாயிரம் புத்தகத்தையும் கணினியில் ஏற்ற வேண்டும். என்னால் முடியாமல் போனால் ரிங்க் முடித்துவிடுவான்.'"

ரிங்க் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "அண்ணி... நீங்க சாப்பிடாதது... நான் உங்களுக்கு..."

"அப்போ சூப்புல கலந்தது?" அம்மாள் குரல் இன்னும் இறங்கவில்லை.

"உப்பு!" என்றான் ரிங்க். "உப்புதான் அண்ணி! உங்க இதயத்துக்குச் சாதா உப்பு ஆகாது, மாத்து உப்பு போட்டா ருசியில்லன்னு தள்ளிடுவீங்கன்னு அண்ணன் உங்களுக்குத் தெரியாம போட்டுக்கிட்டிருந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையில டப்பாவை என் கையில குடுத்து, நிறுத்தாதடான்னார். அதான் போடறேன். கடையில விக்கிற உப்பு!"

அம்மாள் நாற்காலியில் விழுந்தார். சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகச் செய்து மூக்கைச் சமையல் துணியில் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷம்! நான்தான் சமையல்ல கெட்டிக்காரின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். பாவி மனுஷா!" பிறகு கொழுந்தனின் கையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிடு ரிங்க்."

எல்லாம் சுபம். காபி வந்தது, பிஸ்கட் டப்பா திறந்தது, அந்த ஊர் வழக்கப்படி ஆளுக்கு ஒன்று, அடுத்த கை நீளுமுன் டப்பா மூடிக்கொண்டது. உலகம் தன் ஒழுங்குக்குத் திரும்பிவிட்டதென்று மற்றவர்களுக்குத் தோன்றியது. அம்மாள் பானையை அடுப்பில் ஏற்றினார். பரிகாரமாக நான்கு கிண்ணம். முதல் கிண்ணம் தனக்கு.

ஹார்மனுக்கு மட்டும் சுபமாகத் தோன்றவில்லை. பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு தொல்லை உண்டு. அவர்கள் எதையும் மறக்கமாட்டார்கள். தைரியசாலி நல்ல செய்தி கேட்டதும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவான். கோழை அதையெல்லாம் மடித்து மடித்துப் பையில் வைத்திருப்பான்.

"பாஸ்," என்று கிசுகிசுத்தான். "விஷமே இல்லன்னா, கால் ஏன் தள்ளாடிச்சு?"

அலைடாவின் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"சூப்பை நிறுத்தின பிறகு ஏன் சரியாச்சு?"

மூன்றாவது முதுகை யாரும் விரிக்கவே இல்லை. ரிங்க் சொன்னதே போதுமென்று விட்டிருந்தார்கள். ஹார்மன் அதை எடுத்தான். மடிப்போரங்களைச் சீட்டுக்கட்டுபோல் விரலால் ஓட்டினான். அந்தப் பக்கம் வந்தது. வலது பக்கத்து மடிப்பில் தேதி, மாற்று உப்பு, ரிங்க் சொன்னது அப்படியே. ஆனால் எதிர்ப்பக்கத்து மடிப்பில், பிறகொரு நாள் எழுதிய இன்னொரு குறிப்பு. முழுக்க மடிப்புக்குள்ளேயே முடிந்துபோன குறிப்பு. கண்ணாடியில் அதன் ஓர் எழுத்துகூட ஏறியிருக்கவில்லை.

'அக்டோபர் 2. முக்கியம். டாக்டர் என்றாவது அவள் இதய மாத்திரையை மாற்றினால் இந்த உப்பை அன்றே நிறுத்த வேண்டும். புது மாத்திரையும் இதுவும் சேர்ந்தால்...'

அவன் மேலே படிக்கவில்லை. அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது: புத்தாண்டுக்கு அப்புறம் மாத்திக் குடுத்தது. நானே போய் வாங்கறதாச்சே.

அம்மாள் கரண்டியை ஊதிக்கொண்டிருந்தார். உதடு தொட ஒரு மயிரிழை.

ஹார்மன் என்ன செய்தான் என்று அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. மேசைமேல் பாய்ந்திருந்தான். கிண்ணம் பறந்தது. கரண்டி பறந்தது. கொதிக்கும் பட்டாணி சூப்பில் பெரும்பங்கு, எங்கே விழக்கூடாதோ அங்கே, அவன் கால்சட்டையில் விழுந்தது.

"குடிக்காதீங்க!" என்ற அலறலின் பிற்பாதி சொந்தக் காரணத்துக்காக இருந்தது.

அலைடா அதற்குள் அந்தப் புத்தக முதுகைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அடுத்த நொடி தொலைபேசியில் இருந்தாள்: மாத்திரையின் பெயர், உப்பின் பெயர், வாசல் எண். மறுமுனையில் இருந்த இளம் டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார்: கடைசியாக எப்போது சாப்பிட்டார்? சனிக்கிழமை என்றதும் அவர் பெருமூச்சுவிட்டது மேசை முழுக்கக் கேட்டது. "வண்டி வருது. ரத்தம் பாக்கணும். நல்லவேளை பயந்து நிறுத்தினாங்க. இன்னும் ஒரு வாரம் நம்பிச் சாப்பிட்டிருந்தா..."

ரிங்க் சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரைக்கு இறங்கினான். "நான்தான் வெட்டினேன்," என்றான். "என் கையால வெட்டி, என் கையால ஊத்தினேன்."

"இதைப் படிச்சிருந்தா செஞ்சிருக்கமாட்டீங்க," என்றாள் அலைடா. அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "ரிங்க் சார்... எத்தனை மூட்டை எரிச்சீங்க?"

அவன் கொட்டகை அடுப்பிருந்த திசையைப் பார்த்தான். அந்தப் புத்தகங்களை நம்பித்தான் நாளை ஒரு டாக்டர் ஒரு குழந்தையின் வாயில் மருந்து ஊற்றப்போகிறார் என்பது நால்வருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. காற்று சன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இனிமே ஆவிதான்," என்றான் ரிங்க் கடைசியில். "ஒரு புத்தகத்துக்கு ஒரு வாரம்னாலும். எரிச்சதுல எதையெல்லாம் நம்பக்கூடாதுன்னு இன்னைக்கே அந்த டாக்டருங்களுக்கு எழுதிடறேன்."

அம்மாள் கையை நீட்டினார். "அந்தக் குறிப்பைக் குடு தம்பி. மிச்சத்தையும் நான் படிக்கணும்."

ஹார்மன் அதை அலைடாவிடமிருந்து வாங்கி, கால்சட்டையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே கொடுத்தான். அந்தக் குறிப்பின் கடைசி வரியை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. விரலால் மட்டும் தொட்டார். ஹார்மன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டான். துப்பறிகிறவனுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

'...சேர்ந்தால் இதயம் நின்றுவிடும். ரிங்க்கிடம் சொல்ல வேண்டும். ஹிஸ்காவிடமும். உப்பு விஷயம் தெரிந்தால் திட்டுவாள். திட்டட்டும். அவள் இருந்து திட்ட வேண்டும்.'

தெருமுனையில் சைரன் கேட்டது. அம்மாள் கைக்கணினியின் பேனாவை எடுத்தார். யாரும் எழுதாத அந்தப் பக்கத்தின் வெளி ஓரத்தில், புரட்டும் விரல் படும் இடத்தில், முதலில் தேதியைப் போட்டார். பிறகு எழுத ஆரம்பித்தார். ஓரம் முழுக்க நிறைந்து, தலைப்பு வரை ஏறி, அடுத்த பக்கத்துக்கும் போனது.

எட்டிப் பார்க்க ஹார்மனுக்கு இந்தத் தடவை மனம் வரவில்லை. முதல் வார்த்தை மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. அது நல்ல வார்த்தை இல்லை.

தோட்டத்துக்கு அப்பால், ஆளில்லாத கொட்டகையில், அம்மாளின் குறிப்பு போய்ச் சேர்ந்து ரிங்க்கின் கணினி டிங் என்றது.

ஹார்மன் வழக்கம்போலத் துள்ளினான்.